பழைய கேபினெட்டுக்குப் புது வண்ணம்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டை வீட்டிலேயே பெயிண்ட் அடித்து மாற்றியவர்கள் போடும் படங்கள் எல்லாம் வேலை முடிந்த அன்று எடுத்தவை. அன்றைக்கு எந்தக் கேபினெட்டும் பளிச்சென்றுதான் இருக்கும். அதை தினமும் ஆன் செய்து, தூசு துடைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி மாட்டி, மேசைக்கு மேலும் கீழும் இடம் மாற்றி சில வருடங்கள் ஓட்டிய பிறகு எது நின்றது, எது உரிந்தது என்று யாரும் அதிகமாக எழுதுவதில்லை. அதனால் இந்தப் பகிர்வு.

என்னுடையது சந்தன நிறத்தில் வந்த பழைய ஏடிஎக்ஸ் கேபினெட். இதைத் தூக்கிப் போடாததற்குக் காரணம் உண்டு. இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு இன்றும் மாறவில்லை. மதர்போர்டின் திருகு ஓட்டைகள், பின்பக்கம் கேபிள் செருகும் செவ்வகத் திறப்பு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) உட்காரும் இடம் எல்லாம் புதுப் பாகங்களுக்கும் அப்படியே பொருந்தும். தகடும் இப்போது வரும் மலிவான கேபினெட்டுகளைவிடத் தடிமன், விசிறி ஓடும்போது அதிராது. இடிப்பது ஒன்றுதான்: முன்பக்கம் ஹார்டு டிஸ்க் மாட்டும் கூண்டு இன்றைய நீளமான கிராபிக்ஸ் கார்டுக்கு வழிவிடாது. அது ரிவெட்டில் (திருகு இல்லாமல் அடித்துப் பொருத்தும் ஆணி) நிற்கிறது. ரிவெட்டின் தலையை 3.2 மி.மீ. டிரில் பிட்டால் எடுத்துவிட்டால் கூண்டு கையோடு வந்துவிடும், வேண்டுமென்றால் பிறகு புது ரிவெட் அடித்து மாட்டிக்கொள்ளலாம்.

பெயிண்ட் நிற்பதும் உரிவதும் தேய்ப்பதிலேயே முடிவாகிவிடுகிறது, ஸ்ப்ரே கேனைக் கையில் எடுப்பதற்கு முன்பே. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இத்தனை காலத்தில் என் கேபினெட்டில் பெயிண்ட் உரிந்த இடங்களும் உரியாத இடங்களும் இதையே காட்டுகின்றன. தொழிற்சாலையில் போட்ட பழைய பூச்சு ரொம்ப உறுதியானது, அதை முழுக்கச் சுரண்டி எடுக்கத் தேவையே இல்லை. 320, அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுக்கப் போகும் வரை தேய்த்தால் போதும். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, மூச்சுக்கும் நல்லது. கேபினெட் தகடு பொதுவாக துத்தநாகம் பூசிய இரும்பு. வேகமாகத் தேய்த்து அந்தப் பூச்சையும் தாண்டிவிட்டால் இரும்பு வெளியே வந்துவிடும், அங்கே துருவுக்கு வாசல் திறந்த மாதிரி. ஏற்கெனவே துரு பிடித்த இடத்தில் மட்டும் உலோகம் தெரியும் வரை போக வேண்டும், போனதும் அன்றைக்கே துருத்தடுப்பு பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு) அடித்துவிட வேண்டும். நான் பிரைமர் நன்றாக அடித்த பரப்புகளில் இன்றுவரை துருவே இல்லை. அடிப்பக்கத்தில் தகடு மடிந்திருக்கும் விளிம்பின் உட்புறத்தில் மட்டும் லேசாக எட்டிப் பார்த்தது, அங்கே எந்த ஸ்ப்ரேயும் போய்ச் சேராது, சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைப்பதுதான் வழி.

தேய்த்த பிறகு கழுவுவதையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு, நல்ல தண்ணீர், காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அதற்கப்புறம் வெறுங்கையால் தொடவே கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்திலும், எப்போதோ சிலிகான் பாலிஷ் போட்டுத் துடைத்த இடத்திலும் பெயிண்ட் ஒட்டாமல் குட்டிக் குட்டிக் குழிகளாக விலகி நிற்கும்.

முன்பக்க முகப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதற்குத் தனி கவனம் வேண்டும். பழைய முகப்புகள் மஞ்சளாகிப் போவது அழுக்கினால் அல்ல, வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் பிளாஸ்டிக்கையே மாற்றிவிடுவதால். தேய்த்துக் கழுவினால் போகாது. பழைய நிறமே வேண்டும் என்கிறவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள், ஆனால் மஞ்சள் மறுபடி திரும்பக்கூடும். எனக்கு வேறு நிறம்தான் வேண்டியிருந்தது, அதனால் பெயிண்டே சரி. பிளாஸ்டிக்குக்கு என்றே வரும் பிரைமரை முதலில் லேசாக அடித்தேன். தட்டையான இடங்களில் அது அசையாமல் இருக்கிறது. முகப்பைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கிளிப்புகளின் பக்கம் மட்டும் மயிரிழை மாதிரி விரிசல் வந்தது. பிளாஸ்டிக் வளையும்போது பெயிண்ட் கூடவே வளையாது, அவ்வளவுதான் காரணம்.

அடிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்தது: 20 முதல் 30 செ.மீ. தூரம், தகட்டுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிக்கும் வீச்சு, மெல்லிய பூச்சுகள், நடுவில் கேனில் போட்டிருக்கும் இடைவெளி. மழைக்காற்றும் ஈரமும் இருக்கும் நாளில் அடிக்காதீர்கள், சீக்கிரம் காயும் லேக்கர் வகை பெயிண்டுகள் வெள்ளையாகப் பூத்துவிடும். திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம். துணி முகமூடி எந்த ஆவியையும் தடுக்காது. ஹார்ட்னர் கலந்து வரும் டூ-கே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) மிக உறுதியானது என்பது உண்மை. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவையே கொண்டுவரக்கூடியது. வீட்டில் அடிப்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொறுமைதான் அடுத்தது. எனாமல் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும், உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். நான் பாகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் தனித்தனியாக நிற்க வைத்து, பெயிண்ட் வாசனை அடியோடு போய், மறைவான மூலையில் நகத்தை அழுத்தினால் தடம் விழாத வரைக்கும் கோக்கவே இல்லை. இன்றைக்கும் ரப்பர் கால் உட்கார்ந்த இடத்தில் பெயிண்ட் அமுங்கவோ ஒட்டிக்கொள்ளவோ இல்லையென்றால் அந்தக் காத்திருப்பின் பலன்தான்.

எங்கே பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பதும் முக்கியம். மதர்போர்டு திருகு உட்காரும் தண்டுகள், எஸ்எம்பிஎஸ் தகட்டைத் தொடும் பரப்பு, பின்பக்கத் திறப்பின் ஓரம் இவை வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும், எர்த் தொடர்பு அந்த வழியாகத்தான் போகிறது. மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பக்கத் தகடு சறுக்கி நுழையும் தடங்களையும் மறைத்தேன். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்தால் 0.1 மி.மீ. கனம் வந்துவிடலாம், இறுக்கமான தடத்தில் அது போதும், திறக்கும் ஒவ்வொரு முறையும் சுரண்டிக்கொண்டே வரும். பவர் பட்டனுக்கும் இதே கதை. பட்டனின் பக்கவாட்டில் அடிக்காமல் முகத்தில் மட்டும் அடித்தால் சிக்காது.

மாற்றியமைத்ததில் தினமும் பலன் தருவது எது என்று கேட்டால், பின்பக்க விசிறி ஓட்டைதான். பழைய கேபினெட்டில் 80 மி.மீ. விசிறிக்குத்தான் இடம், திருகு ஓட்டைகளுக்கு நடுவே 71.5 மி.மீ. அதை 120 மி.மீ. விசிறிக்கு வெட்டினேன், அதற்குத் திருகு இடைவெளி 105 மி.மீ. தகட்டிலேயே துளைத்த பழைய சல்லடையும் போய்விட்டதால் காற்றுக்குத் தடையில்லை. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே அதே காற்றை இழுக்கிறது, சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. வெட்டுவது, அரம் போடுவது எல்லாம் பெயிண்டுக்கு முன்பே முடிய வேண்டும், இரும்புத் தூள் ஒரு துளிகூட மதர்போர்டு பக்கம் போகக் கூடாது.

3.5 இஞ்ச் ஃபிளாப்பி இருந்த இடத்தில் யுஎஸ்பி 3 பேனல் மாட்டியதும் மிக உபயோகமான வேலை. பவர் விளக்கைப் பச்சையிலிருந்து வெள்ளை எல்இடிக்கு மாற்றினேன். எல்இடிக்கு நேர், எதிர் முனை உண்டு, எரியவில்லையென்றால் திருப்பிச் செருகினால் சரி. நிறம் மாறும் ஒளிப்பட்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மூன்று முனை உள்ளது 5 வோல்ட், நான்கு முனை உள்ளது 12 வோல்ட். 5 வோல்ட் பட்டையை 12 வோல்ட்டில் செருகினால் அது போய்விடும்.

பக்கத் தகட்டில் வைத்த 3 மி.மீ. அக்ரிலிக் ஜன்னலைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. அது தூசியை இழுத்துக்கொள்கிறது, காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழுகிறது, ஈர மைக்ரோஃபைபர் துணி மட்டும்தான் அதற்கு ஆகும். உள்ளே பார்க்க ஆசை உள்ளவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் தகட்டை முழுதாகவே விடுங்கள்.

நிறத்தில் முழு மேட் (பளபளப்பே இல்லாத பூச்சு) வேண்டாம் என்பேன். கை படும் மேல் விளிம்பில் நாளாக ஆக அது பளபளக்கத் தொடங்குகிறது, விரல் எண்ணெயும் தெரிகிறது. லேசான பளபளப்புள்ள சேட்டின் வகை அழுக்கையும் மறைக்கிறது, துடைக்கவும் எளிது. என்னுடைய முகப்பு சேட்டின், பக்கங்கள் மேட். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அடித்த கேனில் கொஞ்சம் மீதம் வைத்திருங்கள். மூலையில் சில்லு பெயர்ந்தால் கேன் மூடியில் சிறிது பீய்ச்சி, பல்குச்சி முனையால் தொட்டு வைத்தால் போதும், ஒரு கை தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது.