பின் பிரேக் பேட் மாற்றக் கொடுத்தேன், பார்க்கிங் பிரேக்கை உடைத்துக் கொடுத்தார்கள்

எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வருடக்கணக்கில் லீவர் இழுத்துப் பழகிவிட்டு இப்போதுதான் பட்டனுக்கு வந்தவர்கள், பின் சக்கர பேட் (பிரேக் பிடிக்கும்போது தேயும் கட்டை) மாற்றக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் காரின் பின்னால் நின்று டிக்கியிலிருந்து பை எடுத்துக்கொண்டிருந்த அப்பா, கார் தன் பக்கம் உருண்டு வருவதைப் பார்த்து விலகியதால்தான் இன்று நடமாடுகிறார்.

நான் ஹேண்ட் பிரேக் லீவரில் வண்டி கற்றவன். இழுக்கும்போது 'டக் டக்' என்று எத்தனை பல்லில் பிடிக்கிறது என்று கையே கணக்கு வைத்திருக்கும். நாலு பல்லில் பிடித்தது ஏழு பல்லுக்குப் போனால் டைட் வைக்க வேண்டும் என்று புரிந்துவிடும். பட்டனில் அந்தப் பேச்சே இல்லை. பிரேக் நன்றாக இருந்தாலும், பாதி போயிருந்தாலும் விரலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். காதும், மீட்டரில் எரியும் விளக்கும்தான் சொல்ல வேண்டும். வண்டியை டெலிவரி எடுத்த அன்று திரையில் பாட்டு வைப்பதை விலாவாரியாகக் காட்டினார்கள். பிரேக்குக்கு ஒரே வரி: "இழுத்தா பிடிக்கும், அமுக்கினா விட்டுடும் சார்."

பழக நாளானது. பிரேக் மிதியில் கால் வைக்காமல் பட்டனை அமுக்கிவிட்டு, ஏன் விடவில்லை என்று திணறியிருக்கிறேன். சீட் பெல்ட் போடாமல் நகர்த்தப் பார்த்தால் தானாக விடுபடாது என்பதும் தெரியாது. ஆட்டோ ஹோல்டும் பார்க்கிங் பிரேக்கும் ஒன்று என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். சிக்னலில் நிற்கும்போது ஆட்டோ ஹோல்ட் பிடித்துவைப்பது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போக அதை நம்பக் கூடாது, மோட்டார் பிடிக்கும் பார்க்கிங் பிரேக்தான் வேண்டும். இதெல்லாம் தப்புச் செய்து கற்றது. அதனால் வண்டியில் என்ன நடந்தாலும் 'நாம்தான் ஏதோ தவறாகச் செய்கிறோம்' என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

முதல் முறை போனது ஒரு சத்தத்துக்காக. நீண்ட இறக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தி, பூட்டிவிட்டு நடந்தால், சில நிமிடம் கழித்துப் பின் சக்கரப் பக்கம் 'வ்ர்ர்' என்று தானாக ஒரு சத்தம். உள்ளே யாரும் இல்லாத வண்டி சத்தம் போட்டால் பயம் வரத்தானே செய்யும்? சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, "சுவிட்ச் போயிடுச்சு சார், மாத்திடணும்" என்றார். கூடவே பின் பேட் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்றிவிடலாம் என்றார். பேட் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. சரி என்றேன். இந்த பிரேக்கில் வேலை செய்து பழக்கமுண்டா என்று கேட்டேன். "தினமும் பத்து வண்டி பார்க்கிறோம் சார்."

புது சுவிட்ச், புது பேட், பில் எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். சத்தம் போகவில்லை. போன் செய்தேன். "பழகிடும் சார்."

அடுத்த சில நாட்களில் வேறு சத்தம் வந்தது. பட்டனை இழுத்ததும் வலது பின் சக்கரத்தில் கரகரவென்று எதுவோ அரைபடும். மஞ்சள் விளக்கு ஒருநாள் எரிந்தது, மறுநாள் அணைந்தது. திரும்பப் போனேன். அதே சூப்பர்வைசர் என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்தார், ரெண்டு தடவை இழுத்து விடச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "நீங்க வண்டி முழுசா நிக்கறதுக்குள்ள இழுக்கறீங்க சார். ஹேண்ட் பிரேக் பழக்கம். அப்படி இழுத்தா உள்ள கியர் பல்லு அடிவாங்கும். இது புது டெக்னாலஜி, பொறுமையா பழகுங்க." வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டவே இல்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம், வண்டி நின்ற பிறகு மூச்சை ஒரு தடவை விட்டுவிட்டுப் பட்டனை இழுத்துப் பழகினேன். என் தவறு என்றே முழுமையாக நம்பினேன்.

மூன்றாவது வாரம் சரிவான ஒரு இடத்தில் நிறுத்தினேன். பட்டனை இழுத்தேன். மீட்டரில் சிவப்பு விளக்கு வந்தது, ஆனால் நிலையாக எரியாமல் மினுக்கியது. பல கார்களில் மினுக்கினால் 'பிரேக் முழுதாகப் பிடிக்கவில்லை' என்று பொருள். என் வண்டியின் கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எனக்கு அன்று தெரியாது, சிவப்பைப் பார்த்ததும் போதும் என்று இறங்கிவிட்டேன். கியரில் போடாமல் நியூட்ரலில் விட்டது என் தவறு, அதை மறைக்கப் போவதில்லை. சரிவில் நிறுத்தினால் கியரில் போட வேண்டும், ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில் வைக்க வேண்டும், எந்த பிரேக்காக இருந்தாலும். வண்டி முதலில் நின்றது. அப்பா டிக்கியைத் திறந்து குனிந்தார். ஒரு 'டக்', அவ்வளவுதான், உருள ஆரம்பித்துவிட்டது. அவர் பக்கவாட்டில் தாவினார். பம்பர் சுவரில் இடித்து நின்றது. அவர் பேசாமல் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியை ஏற்றி அனுப்பினேன். அவர் முதலில் சேஸிஸ் நம்பரை வைத்து, இந்த மாடலுக்குக் கம்பெனியே திரும்ப அழைத்த குறை ஏதாவது உண்டா என்று பார்த்தார். அது நியாயமான சந்தேகம்தான். 2017-ல் டெஸ்லா தன் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 53,000 வண்டிகளைத் திரும்ப அழைத்ததே பார்க்கிங் பிரேக்கில் இருக்கும் ஒரு சின்ன கியருக்காகத்தான். என் வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை. பிறகு ஸ்கேனரை மாட்டினார். வலது பின் மோட்டாரில் பிழை. முதன்முதலில் எந்தக் கிலோமீட்டரில் பதிவானது என்பதும் அதில் இருந்தது. பேட் மாற்றிய பில்லில் எழுதியிருந்த ஓடோமீட்டர் எண்ணைவிட ஆறு கிலோமீட்டர்தான் கூடுதல்.

சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். இந்த வகை பிரேக்கில், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் முதுகிலேயே ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அது பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுற்றுகிறது, தண்டில் உள்ள நட்டு முன்னால் நகர்ந்து, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளிருந்து தள்ளி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை பேட் கவ்வுகிறது. புது பேட் தடிமனாக இருக்கும், அதனால் பிஸ்டனை உள்ளே தள்ளி இடம் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் சர்வீஸ் மோடில் போட்டு, மோட்டாரே அந்த நட்டைப் பின்னால் இழுத்துக்கொள்ள விட வேண்டும். ஸ்கேனரில் அதற்கென்று ஆப்ஷன் உண்டு. சில வண்டிகளில் பட்டனையும் மிதியையும் ஒரு வரிசையில் அழுத்தியே செய்யலாம். இதைச் செய்யாமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால், அந்த பலமெல்லாம் தண்டின் மீதும் பல்சக்கரங்கள் மீதும் இறங்கும். லீவர் கேபிளை இழுத்துப் பிடிக்கும் பழைய வகைக் காலிப்பர் பலவற்றில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே உள்ளே அனுப்புவார்கள். இதில் அந்த வேலையே கூடாது.

என் வலது பிஸ்டனில் அந்தத் திருகும் கருவியின் தடம் அப்படியே பதிந்திருந்தது. ரப்பர் உறை முறுகிக் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு பல்சக்கரத்தில் பாதிப் பல் இல்லை. இடது பக்கம் எப்படியோ தப்பித்திருக்கிறது. மூன்று வாரமாக நான் ஒற்றைச் சக்கரப் பிடியில் வண்டி நிறுத்தியிருக்கிறேன்.

"ஓடும்போது இழுத்தால் பல் உடையுமா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு ஆத்திரத்தைக் கொடுத்தது. இந்த மாதிரி வண்டிகளில் ஓடும்போது பட்டனை இழுத்துப் பிடித்தால், கம்ப்யூட்டர் ஆயில் அழுத்தத்தை வைத்து நான்கு சக்கரத்தையும் கட்டுப்பாடாக நிறுத்தும். கால் பிரேக் வேலை செய்யாமல் போனால் உதவட்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பின் மோட்டார் வந்து கவ்வுவது வண்டி நின்ற பிறகுதான். அதாவது என் பழக்கத்தால் அது உடைந்திருக்கவே முடியாது. 'புது டெக்னாலஜி' என்றதும் பொய். பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் 2001-லேயே வந்துவிட்டது.

முதலில் பயந்தேனே அந்தத் தானாக வரும் சத்தம், அது கோளாறே இல்லையாம். இறக்கத்தில் பிரேக் பிடித்துச் சூடான டிஸ்க் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், கவ்வல் தளரும். அதனால் சில நிமிடம் கழித்து மோட்டார் மறுபடி ஒருமுறை இறுக்கிக்கொள்கிறது. அந்த நல்ல வேலைக்குத்தான் எனக்குப் புது சுவிட்ச் விற்றார்கள்.

பேட் மாற்றக் கொடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளுவீங்க?" சர்வீஸ் மோடு என்ற பேச்சே வராமல் "அமுக்கினா போயிடும் சார்" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஓடோமீட்டர் எண் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், நீங்களும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என் பழைய சுவிட்சை நான் கேட்கவில்லை. அது நன்றாக இருந்தது என்று நிரூபிக்க இன்று என்னிடம் வழியில்லை.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், சமதளத்தில் வண்டியை கியரில் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பட்டனை இழுத்துக் கேளுங்கள். வேண்டுமானால் இன்னொருவரைப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், பின்னால் வேண்டாம். என் வண்டியில் நல்ல பக்கத்தின் சத்தம் லேசாகத் தொடங்கி, பளு ஏற ஏறக் கனத்து, ஒரு இறுக்கத்தில் நின்றது. உடைந்த பக்கம் கனக்கவே இல்லை. ரெண்டு பக்கமும் வேறு வேறாகக் கேட்டாலோ, விளக்கு மினுக்கினாலோ, சரியாகும் வரை சரிவில் நிறுத்தாதீர்கள்.

வலது காலிப்பரை மோட்டாரோடு மாற்றி, இடதையும் பிரித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தேன். உடைந்த பாகத்தையும் ஸ்கேனர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சூப்பர்வைசர் பிஸ்டனில் இருந்த தடத்தைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. மேனேஜர் வந்து, சுவிட்சுக்கான பணத்தை மட்டும் திருப்பித் தருவதாகவும், 'இனி எந்தப் புகாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். நான் போடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அந்தப் பல் போன சக்கரம் ஒரு கவரில் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அப்பா இப்போதும் நான் என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, இறங்கி வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் டிக்கியைத் தொடுகிறார்.