அம்பாசிடர் வீல் சிலிண்டர் ரப்பர் கிட்: மலை இறக்கத்துக்குத் தாங்குமா?

சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்காக, கோயம்புத்தூர் உதிரிபாகக் கடையில் வாங்கிய கிட் இது. ஆயில் கசியாமல் அடைக்கும் கப் ரப்பர் அருமை. உதடு மெலிந்து, சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறது. தூசி மூடிதான் மோசம். விறைப்பாக இருப்பதால் பள்ளத்தில் சரியாக உட்காருவதில்லை. குன்னூர் மழையும் மூடுபனியும் அந்த இடுக்கில் இறங்கினால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். மூடியை மட்டும் தனியாக நல்லதாக வாங்குங்கள்.

மாட்டும் முன் சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் எந்தக் கிட்டும் வீண்தான், சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பரைப் பெட்ரோலில் கழுவவே கழுவாதீர்கள், உப்பிவிடும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். கப்பின் உதடு ஆயில் நிற்கும் பக்கம் பார்த்திருக்கட்டும். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை, பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து எடுக்கத் தொடங்குங்கள்.

ஆயில் கிட்டில் வராது. டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றுங்கள். டாட் 3-இன் கொதிநிலை வரம்பு புதிதில் 205 டிகிரி. ஈரம் இழுத்தபின் வெறும் 140. குன்னூரிலிருந்து மலைப்பாதையில் பர்லியாறு வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் அடிவரை போய்விடும். டாட் 4-க்கு இதே வரம்புகள் 230, 155.