மொட்டை மாடித் தொட்டிக்கு ஜிலேபியா, பனையேறியா?

மீன் வளரும் தண்ணீரிலேயே கீரையும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸை மாடியில் வைக்கலாம் என்று முடிவானதும் பேச்செல்லாம் பைப், ஜல்லி, பம்ப் என்றே போகும். அவை எப்படியும் அமைந்துவிடும். சென்னையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது எந்த மீனை விடுவது, ஜிலேபியையா (திலாப்பியா) பனையேறியையா என்பதைத்தான். நான் பனையேறி கெண்டையை விட்டிருக்கிறேன். அடுத்து வைப்பவருக்கும் அதையே சொல்வேன்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்கள் போட்டவை. அவர்களுடைய கவலையெல்லாம் ஹீட்டரும் பசுமைக்குடிலும்தான். தண்ணீர் 10, 12 டிகிரிக்கு இறங்கினால் ஜிலேபி செத்துவிடும். அதனால் அங்கே தண்ணீரைச் சூடாக்குகிறார்கள், இல்லையென்றால் ட்ரவுட் வளர்க்கிறார்கள். நமக்கு மார்கழியில்கூட அந்தக் கவலை இல்லை. நமக்குக் கஷ்டம் சித்திரை, வைகாசியில்.

ஜிலேபிக்கு உள்ள நல்ல பேர் நியாயமானதுதான். வேகமாக வளரும், எதையும் தின்னும், முள் குறைவு, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். வேகமாக வளரத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய கிஃப்ட் ரக ஜிலேபி ஆறேழு மாதத்தில் அரைக் கிலோவை நெருங்கிவிடும். பனையேறி அதே காலத்தில் 100 கிராம் வந்தாலே நல்ல வளர்ச்சி. எடை மட்டும்தான் கணக்கு என்றால் போட்டியே கிடையாது.

ஆனால் கரன்ட் போனால் என்ன ஆகும்?

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 11 மில்லிகிராமுக்கு மேல் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் அதிகபட்சமே 7 மில்லிகிராமைச் சற்றுத்தான் தாண்டும். அப்படியானால் மே மாதத்தில் 1000 லிட்டர் தொட்டி முழுக்க இருப்பது ஏழு கிராம் ஆக்ஸிஜன்தான். அதில் பத்துக் கிலோ மீன் இருந்தால் மணிக்கு மூன்று கிராம் அளவுக்கு இழுத்துவிடும். ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் அதிலேதான் பங்கு. ஏர் பம்ப் நின்றபின் செவுளால் மட்டும் சுவாசிக்கும் மீனுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஜிலேபி தாக்குப்பிடிக்கும் மீன்தான், மேலே வந்து நீர்ப்பரப்பை ஒட்டி வாயை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சமாளிக்கும். நெருக்கமாக வளர்க்கும் தொட்டியில் அந்தச் சமாளிப்பு நெடுநேரம் நிற்காது. வெயிலில் டிரான்ஸ்பார்மர் போய் மதியம் முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடக்கும் தெருக்கள் இங்கே நிறைய. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. மிக்ஜாமிலும் அப்படித்தான். எந்த இன்வெர்ட்டர் அத்தனை நாள் ஓடும்?

பனையேறிக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. நீர்ப்பரப்புக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விடும். ஏரி வற்றினால் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகிற மீன் அது. எங்கள் தெருவில் கரன்ட் போனால் இப்போது நான் செய்வது தீவனத்தை நிறுத்துவது மட்டும்தான். வெளியூர் போனாலும் மனம் தொட்டியையே சுற்றுவதில்லை. இந்த நிம்மதிக்காக முக்கால் பங்கு எடையை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அதற்காகப் பம்ப் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக் கீரைக்குக் கொடுப்பது பாக்டீரியா. அதற்கு ஆக்ஸிஜன் கட்டாயம். பம்ப் நெடுநேரம் நின்றால் அம்மோனியா ஏறும். போர் தண்ணீரில் பிஎச் 8 வரை இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பிஎச் 7-இல் இருப்பதைவிட விஷமான அம்மோனியாவின் பங்கு அங்கே ஒன்பது, பத்து மடங்கு. காற்றைச் சுவாசிக்கும் மீனாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மெட்ரோ வாட்டர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள்.

பனையேறிக்கென்று சில வேலைகள் உண்டு. தொட்டிமேல் வலை இறுக்கமாக இருக்க வேண்டும், குறிப்பாக மழை நாளில். இல்லையென்றால் மாடியெல்லாம் மீன்தான். வலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவதும் முக்கியம். மேலே வந்து காற்றெடுக்க முடியாவிட்டால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்து விடுங்கள், பெரியது சின்னதைத் தின்னும். புரதம் கூடுதலான மிதவைத் தீவனம் வேண்டும். அந்தச் செலவு ஜிலேபியைவிட அதிகம்தான். செதில் கடினம், முள்ளும் உண்டு. குழம்புக்கு அருமை, வறுவலுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு வரவேற்பில்லை.

விராலும் காற்றைச் சுவாசிப்பதுதான், விலையும் நல்ல விலை. நான் வளர்த்ததில்லை. அம்பத்தூரில் நண்பர் ஒருவர் வளர்ப்பதைப் பார்த்த வரையில், தீவனத்துக்குப் பழகிய குஞ்சு கிடைப்பதுதான் பாதி வேலை. மீன் சாப்பிடாத வீடென்றால் கொளத்தூரில் கோல்ட்ஃபிஷ் வாங்கி விடலாம். எந்த மீனாக இருந்தாலும் கீரைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கரன்ட் விஷயத்தில் அதுவும் ஜிலேபி கட்சி.

ஜிலேபியில் இன்னொரு சிக்கல் உண்டு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபி பெருகி, இன்று நம் ஏரிகளில் நாட்டு மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஜிலேபி வளர்ப்புக்கு மீன்வளத் துறையில் பதிவும் அனுமதியும் கேட்கிறார்கள், ஆண் குஞ்சுகளை மட்டும் விடச் சொல்கிறார்கள். என் சித்தப்பா திருவள்ளூர் பக்கம் முறைப்படி அனுமதி வாங்கிக் குளத்தில் வளர்க்கிறார். குளத்துக்கு அது சரி. மழைநீர்க் குழாய் நேராகக் கால்வாயில் இறங்கும் ஒரு மாடியில் அதே மீனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பனையேறி தப்பிப் போனாலும் அது நம் ஏரி மீன்தான்.

தரைத்தளத்தில் இடமும், இரவு முழுக்கத் தாங்கும் பேட்டரி ஏர் பம்பும், அனுமதியும் உள்ளவர்கள் ஜிலேபியைத் தாராளமாக எடுக்கலாம். மாடி என்றால் ஆயிரம் லிட்டர் ஒரு டன் எடை என்பதையும் கட்டடப் பொறியாளரிடம் சொல்லி, தூண், பீம் மேலே வருகிற மாதிரி தொட்டியை வையுங்கள். மேலே பச்சை நிழல்வலை கட்டுங்கள். வீடியோக்களில் வரும் லெட்யூஸ் நம் வெயிலில் பூத்துக் கசந்துவிடும். பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை, புதினாவோடு தொடங்குவது நல்லது.