போட்டுக்கு ஒரு ஒயில், தோட்டத்து மெஷினுக்கு ஒரு ஒயில்

குருநகரில் போட்டுக்கும் கோண்டாவிலில் மருந்தடிக்கிற மெஷினுக்கும் கடையில் "2ரி ஒயில்" (பெற்றோலோடு கலக்கிற ரூ-ஸ்ரோக் எஞ்சின் ஒயில்) என்றுதான் கேட்கிறோம். ஆனால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். போட் ஒயிலில் ரிசி-டபிள்யூ3 (TC-W3) என்றிருக்கும், தோட்டத்து மெஷின் ஒயிலில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்றிருக்கும். இவை ஒயிலின் தரக் குறியீடுகள்.

போட் மோட்டார் கடல் தண்ணீரால் ஆறுவது. மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுவது. அதற்குச் சாம்பல் விடாத ஒயில் வேண்டும். சாம்பல் பிளக்கிலும் பிஸ்ரன் தலையிலும் படிந்தால் தணல்போல் கனன்று, பிளக் பொறி விடுமுன்பே பெற்றோலைக் கொளுத்தும். பிஸ்ரன் தலை உருகி ஓட்டை விழ இதுவும் ஒரு காரணம். ரிசி-டபிள்யூ3 இதற்காகவே சாம்பலாகும் உலோகச் சேர்க்கை இல்லாமல் வருகிறது.

செயின்சோ, புல்லு வெட்டுகிற மெஷின், முதுகில் சுமந்து மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் காற்றில் ஆறுபவை, சூடு கூட. அந்தச் சூட்டில் ரிசி-டபிள்யூ3 பிஸ்ரன் ரிங் பள்ளத்தைச் சுத்தமாக வைத்திராது. கரி இறுகி ரிங் ஒட்டும், இழுவை விழும். இங்கே எஃப்டிதான் முதல் தெரிவு, எஃப்சியும் போதும். அவசரத்துக்கு ஒரு தாங்கி மாறி ஊற்றினால் எஞ்சின் செத்துவிடாது, பழக்கமாக்க வேண்டாம். கார் எஞ்சின் ஒயில் மட்டும் எதற்கும் கூடாது.

அளவு: 50:1 (50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில்) என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25:1 என்றால் 40. 20 லீற்றர் கானுக்கு 400, 800. புது போட் மோட்டாருக்கு முதல் 10 மணித்தியாலம் 25:1 கேட்கும் கம்பனிகள் உண்டு. எஞ்சினோடு வந்த புத்தகம் சொல்வதே கணக்கு. "கொஞ்சம் கூட விட்டால் பாதுகாப்பு" என்பது பிழை. பிளக் கறுத்து நனையும், சைலன்சர் அடைக்கும். அதோடு ஒயில் பிடித்த இடத்தில் பெற்றோல் குறைவதால் கலவை மெலிந்து சூடும் ஏறும். குறைத்தாலோ பிஸ்ரன் கீறிச் சிக்கும். போத்தல் மூடியால் அளக்காமல் சிறிஞ்சால் அளவுங்கள்.

கலப்பது மெஷின் தாங்கிக்குள் அல்ல, தனிக் கானில். பாதிப் பெற்றோல், பிறகு ஒயில், நன்றாகக் குலுக்கல், மீதிப் பெற்றோல், மறுபடி குலுக்கல். ஒரு மாதத்துக்குள் முடிக்கிற அளவு மட்டும் கலவுங்கள்.

மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடான பிறகு மாற்றுவதைப்போல, கரைக்கு வருமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட விடுங்கள். கார்புரேற்றரில் மண்ணெண்ணெய் நின்றால் விடியற்புறம் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.