நடு ஊரில் அறை எடுப்பது: பல ஆண்டுப் பழக்கத்தின் அனுபவம்

விடுமுறைக்கு அறை தேடிக்கொண்டிருந்த நண்பர் இரண்டு விடுதிகளின் பக்கங்களை அனுப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும்படி கேட்டார். ஒன்று ஊரின் நடுவில் இருந்தது. கட்டிலைச் சுற்றிப் போகவே ஒருக்களித்து நடக்க வேண்டிய அறை. மற்றது அதே வாடகைக்கு ஊருக்கு வெளியே, பால்கனியும் நீச்சல் குளமும் அகலமான குளியலறையும் கொண்டது. இடமா, வசதியா என்ற இந்தக் கேள்விக்கு நான் பல ஆண்டுகளாக இடம் என்றே பதில் வைத்திருக்கிறேன். அப்படியே தங்கியும் வருகிறேன். ஆனால் அவருக்கு ஒரு வரியில் பதில் எழுத இந்த முறை கை வரவில்லை. அண்மையில் போய்வந்த பயணத்தின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால் பழக்கத்தின் நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நடு ஊரில் தங்கினால் நடந்தே சுற்றலாம், டாக்சிச் செலவு குறையும், இரவில் திரும்புவதும் எளிது. இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. அது மதிய வேளை.

காலையில் கிளம்பி மூன்று நான்கு மணி நேரம் சுற்றியபின் கால் கனக்கும், வெயில் ஏறும் அல்லது மழை பிடிக்கும். அப்போது அறை பத்து நிமிட நடையில் இருந்தால் போய் முகம் கழுவி, சட்டை மாற்றி, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மாலையில் புதிதாகக் கிளம்பலாம். ஒரே நாளுக்குள் இரண்டு காலைகள் கிடைத்துவிடுகின்றன. அருங்காட்சியகத்தில் வாங்கிய கனமான புத்தகத்தை நாள் முழுக்கச் சுமக்க வேண்டாம். குழந்தைக்கு வேண்டிய மாற்றுடையையும் மாலைக் குளிருக்கான மேலாடையையும் காலையிலேயே பையில் திணிக்க வேண்டாம். உடன் வந்த பெரியவருக்கு முட்டி வலித்தால் அவரை அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் தொடரலாம். அவரும் தன்னால் எல்லாருடைய நாளும் கெட்டதே என்று வருந்த மாட்டார். என் வீட்டாரோடு போன பயணங்களில் சண்டையில்லாமல் முடிந்தவை பெரும்பாலும் இப்படி மதியம் அறைக்குத் திரும்ப முடிந்தவைதாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த முன்பதிவுப் பக்கமும் இதைச் சொல்வதில்லை.

தொலைவிலுள்ள நல்ல அறைகளிலும் தங்கியிருக்கிறேன். ஒரு வழிக்கு 40 நிமிடம் என்றால் போக வர 80 நிமிடம். ஐந்து நாட்களுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம். இந்தக் கணக்கு கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அதுவும் ஊர் பார்ப்பதுதான். உண்மையான இழப்பு வேறு. அங்கிருந்து நாளுக்கு ஒரு முறைதான் கிளம்ப முடியும். காலையில் வெளியே வந்தால் இரவுதான் திரும்புதல். அத்தனை ஆசையாகப் பதிவு செய்த பால்கனியில் நாம் உட்காரும் நேரம் பல் துலக்கும் நேரம்தான். நீச்சல் குளமோ நாம் திரும்பும்போது மூடியிருக்கும். வசதிக்குக் காசு கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதை அனுபவிப்பது எனக்கு ஒப்பவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் நடு ஊர் அறைதான் சரி என்று தோன்றும். தோன்றட்டும். இனி சத்தத்துக்கு வருகிறேன்.

எந்தக் காரணங்களால் ஓர் இடம் நல்ல இடமோ, அதே காரணங்களால்தான் அங்கே தூக்கம் கெடுகிறது. கீழே உணவகங்கள் இருப்பது வசதி; நள்ளிரவில் அவை நாற்காலிகளைத் தரையில் இழுத்து அடுக்குவதை யார் தடுப்பது? ரயில் நிலையம் பக்கம் என்றால் முதல் வண்டியின் அறிவிப்பும் பக்கம்தான். அண்மைப் பயணத்தில் நான் தங்கிய அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு மதுக்கூடம். அதன் இசை நின்ற பிறகு வாசலில் பேச்சு தொடங்கியது. பேச்சு ஓய்ந்ததும் காலிக் கண்ணாடிப் பாட்டில்களை ஒரு பெரிய தொட்டியில் கொட்டினார்கள். அந்த ஓசையில் உடம்பே ஒருமுறை தூக்கிப்போட்டது. அது அடங்கிக் கண் அயரும் வேளையில் குப்பை வண்டி வந்து பின்வாங்கும் எச்சரிக்கை ஒலியோடு நின்றது. அதற்குப் பிறகு விடியற்கால விமானத்தைப் பிடிக்கப் போகிறவர்களின் சக்கரப் பெட்டிகள் கல் பாவிய தெருவில் கடகடவென்று உருண்டன. காலையில் ரிசப்ஷனில் சொன்னேன். புன்னகையோடு, 'நடு ஊர் அல்லவா' என்றார்கள். அந்தப் பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அறையை விற்கும்போது 'நடு ஊர்' பெருமை. உறக்கம் கெட்டால் அதே சொல் சமாதானமா?

இது என் பொறுமைக் குறைவு மட்டுமல்ல என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உறக்கம் கெடாமல் இருக்கப் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபெலையும், தனித்தனியாக எழும் ஓசைகள் 45 டெசிபெலையும் தாண்டக் கூடாது என்றது. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்ளும் ஒலியே ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல். பாட்டில் கொட்டும் ஓசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதோடு, புதிய இடத்தில் முதல் இரவு பலருக்கும் உறக்கம் சரியாக வருவதில்லை என்பதை உறக்க ஆய்வகங்கள் 1960-களிலிருந்தே கவனித்து வருகின்றன. 2016-ல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு ஒரு விளக்கம் கண்டார்கள். முதல் இரவில் மூளையின் இடப்பாதி வலப்பாதியைப் போல ஆழ்ந்து உறங்காமல், பழக்கமில்லாத ஓசைகளுக்குக் காவல் காக்கிறது. அப்படியென்றால் இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே போகிறவர்களுக்கு விடுமுறை இரவுகளில் பாதி முதல் இரவுகள்தாம். காவல் காக்கும் மூளையைக் கொண்டுபோய் மதுக்கூடத்துக்கு மேலே படுக்க வைக்கிறோம்.

இத்தனைக்கும் பெரும்பாலான முன்பதிவுத் தளங்களில் சத்தத்துக்கென்று ஒரு மதிப்பெண் கிடையாது. புக்கிங் டாட் காமில் இடத்துக்கும் வசதிக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கிறது, அதுவாவது உதவும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடம் மிக உயர்ந்தும் வசதி வெகுவாகத் தாழ்ந்தும் இருந்தால், காரணம் பெரும்பாலும் அறையின் அளவு அல்லது இரவுச் சத்தம். வீடுகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பியில் விருந்தினர் மதிப்பிடும் ஆறு தலைப்புகள் தூய்மை, விவரங்களின் துல்லியம், உள்நுழைவு, தகவல் தொடர்பு, இடம், கொடுத்த காசுக்கான பலன். அமைதி அந்தப் பட்டியலில் இல்லை. பல வீடுகளுக்குப் பதிவு செய்து முடிக்கும்வரை வரைபடத்தில் ஒரு வட்டம்தான் தெரியும். வீடு பெரிய சாலையில் இருக்கிறதா, பின் சந்திலா என்று அந்த வட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஹோட்டல்களின் நட்சத்திரங்களும் பெரும்பாலும் என்னென்ன வசதிகள் உண்டு என்ற பட்டியலைச் சரிபார்த்துத் தரப்படுபவை. நான்கு நட்சத்திர அறையிலும் விடிய விடிய விழித்திருக்கலாம்.

ஆகவே விருந்தினர் கருத்துகளில் 'சத்தம்', 'இரவு', 'ஜன்னல்' என்ற சொற்களைத் தேடிப் படிப்பதே என் வழி. அதிலும் எழுதப்பட்ட மாதத்தைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் எழுதியவர் ஜன்னலை அடைத்துப் படுத்தவர். அவர் 'அமைதியான அறை' என்று எழுதியதை நம்பி, ஏசி இல்லாத அறைக்குக் கோடையில் போனால் நாம் ஏமாறுவோம். வார இறுதியில் தங்கியவருக்கும் வார நாளில் தங்கியவருக்கும் அதே அறை வேறு அறை.

அறை ஒதுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: தெருப் பக்கம் வேண்டாம், முற்றப் பக்கம் வேண்டும். அடுத்த தெருவுக்கு ஓடுவதைவிட இது பலன் தரும். சாலையைப் போல நீளமாகக் கிடக்கும் ஒலி மூலத்திலிருந்து விலகும்போது, தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் குறைகிறது. நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும். அதாவது திறந்த வெளியில் 10 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு கட்டடம் நின்றால் கதையே வேறு. அதே ஹோட்டலின் பின்பக்க அறைக்கு அந்த ஹோட்டலே சுவர். லிஃப்டை ஒட்டிய அறையையும் குளிரூட்டும் கருவிகள் வைத்திருக்கும் மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையையும் தவிர்க்கச் சொல்லிக் கேட்பேன். ஆனால் இந்தக் கோரிக்கைகளை எந்த விடுதியும் உறுதியாகத் தருவதில்லை. 'கிடைத்தால் தருகிறோம்' என்ற வரியைத் தாண்டி எதுவும் எழுத மாட்டார்கள். அண்மைப் பயணத்துக்கு முன்பும் கேட்டிருந்தேன், அதே வரிதான் வந்தது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொலைவிலுள்ள விடுதிகள் தூரத்தைச் சொல்லும் விதம் நேர்மையானதல்ல. 'மையத்திலிருந்து 2 கி.மீ.' என்றால் அது பல நேரங்களில் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்தது. இடையில் ஓர் ஆறு, ரயில் பாதை, ஒரு மலைச்சரிவு எதுவும் அந்தக் கோட்டுக்குத் தெரியாது. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 2 கி.மீ.க்கு 24 நிமிடம் என்று நாம் கணக்குப் போடுவோம். பாலத்தைச் சுற்றிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த 'மையம்' எது என்பதையும் தளமே முடிவு செய்கிறது. கடற்கரைக்காகப் போகிறவருக்கு நகராட்சிக் கட்டடத்திலிருந்து எத்தனை தூரம் என்பதால் என்ன பயன்? தொலைவில் எடுப்பதானால் நான் பார்ப்பது கடைசி பஸ் அல்லது ரயில் எத்தனை மணிக்கு என்பதைத்தான். அது இரவு 9 மணி என்றால் நம் மாலைகள் எல்லாம் 9 மணிக்கு முடிந்துவிடும்.

இடமும் அமைதியும் சேர்ந்தே கிடைக்கும் ஊர்கள் சில உண்டு. வெனிஸின் பழைய நகரில் கார்கள் இல்லை. கிரேக்கத்தின் ஹைட்ரா தீவில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, குப்பை வண்டி போன்ற சிலவற்றைத் தவிர. பெட்டிகளைக் கழுதைகள் சுமக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டுக்குச் செல்பவர்கள் காரை அடுத்த ஊரில் விட்டுவிட்டு ரயிலிலோ டாக்சியிலோதான் போக வேண்டும். இத்தகைய ஊர்களில் நடுவிலேயே எடுங்கள், யோசிக்க வேண்டாம். வெனிஸில் மட்டும் படிக்கட்டுப் பாலங்களில் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும் என்பதால், படகு நிற்கும் இடத்துக்கு அருகில் எடுப்பது நல்லது.

மற்ற ஊர்களுக்கு என் தீர்ப்பு என்ன? ஓரிரு நாள் பயணம், உடன் சிறு குழந்தையோ முதியவரோ உண்டு என்றால் நடு ஊர் அறையே மேல், மதியத்துக்காகவே மேல். மேலே எழுதிய புகழ்ச்சியில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கு நான் பதிவு செய்திருப்பது ஊரின் விளிம்பில், தோட்டத்தைப் பார்த்த ஓர் அறையை. மதியம் திரும்ப முடியாது, மேலாடையைக் காலையிலேயே சுமக்க வேண்டும், கடைசி பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் எடுத்திருக்கிறேன். விருந்தினர் கருத்துகளில் கோடை மாதங்களில் எழுதியவர்களை மட்டும் தேடிப் படித்தேன். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்து உறங்கியதாக மூவர் எழுதியிருக்கிறார்கள். நண்பருக்கும் ஊருக்கு வெளியே உள்ள அறையையே எடுக்கச் சொல்லிவிட்டேன்.