ஆஸ்பிரினா, குளோபிடோக்ரெலா?

ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்து மீண்டவர்களின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். இரண்டுமே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுப்பவை. ஆஸ்பிரின் தட்டணுவுக்குள் துராம்பாக்சேன் என்ற, ஒட்டுவதைத் தூண்டும் வேதிப்பொருள் உருவாவதை நிறுத்துகிறது. குளோபிடோக்ரெல் தட்டணுவின் மேலுள்ள, ஒட்டச்சொல்லும் சமிக்ஞையை வாங்கும் பி2ஒய்12 ஏற்பியை அடைக்கிறது.

ஆஸ்பிரின் மலிவு, விரைவாக வேலை செய்யும். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்குத்தான் அதிகத் தொல்லை. இரண்டையும் ஒப்பிட்டு 1996இல் வெளியான கேப்ரி ஆய்வில் குளோபிடோக்ரெல் சற்றே முந்தியது: ஆண்டுக்கு 5.32 சதவீதம் பேருக்குப் பக்கவாதம், மாரடைப்பு போன்ற பாதிப்பு, ஆஸ்பிரினில் 5.83. இந்தச் சிறு வித்தியாசத்துக்காக ஆஸ்பிரினைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால் குளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதிகள், குறிப்பாக சிஒய்பி2சி19, அதை மாற்றியாக வேண்டும். அந்த நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பவர்கள் நம்மிடையே கணிசமாக உண்டு. நெஞ்செரிச்சலுக்கு நாமே கடையில் வாங்கிப் போடும் ஒமிப்ரசோலும் அந்த நொதியைத் தடுக்கும். இதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஒமிப்ரசோலுக்குப் பதில் பாண்டோப்ரசோல் மாற்றித் தரலாம்.

சிறிய பக்கவாதம் என்றால் முதல் 21 நாள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதற்கு மேல் நீண்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். எதுவானாலும், பல் பிடுங்கப் போகிறோமென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.