நாய் வாக்கிங்ல நிலா படம்: நிக்கான் பி900

பினாங்கு கர்பால் சிங் டிரைவ் கடலோரத்துல சாயங்காலம் நாய கூட்டிட்டு நடக்குறவங்களுக்கு இந்த கேமரா செகண்ட்ஹேண்ட்ல கெடச்சா யோசிக்காம வாங்கலாம். 2015ல வந்த பழைய மாடல்தான், ஆனா 83 மடங்கு ஆப்டிக்கல் ஜூம், அதாவது ஃபுல் ஃபிரேம் கேமரா கணக்குல 2000 எம்எம் லென்ஸுக்கு சமம், எதிர்க்கரை பட்டர்வொர்த் பக்கம் தைப்பூச பௌர்ணமி எழும்பும்போது முழு ஜூம்ல வச்சா திரையோட உயரத்துல பாதிக்கு மேல நிலாதான், டைக்கோ பள்ளத்துலேர்ந்து கிளம்புற வெள்ளை கோடுங்க கூட தெளிவா தெரியும். ஜனவரி, பிப்ரவரில இங்க மழை கம்மி, வானமும் நல்லா இருக்கும்.

ஆட்டோல எடுத்தா வெறும் வெள்ளை வட்டம்தான் லா. நிலா மோட் இருக்கு, இல்லன்னா மேனுவல்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்த உணர்ற அளவு) 100, ஷட்டர் 1/125லேர்ந்து 1/250 செகண்டுக்குள்ள வைங்க. பள்ளம் மேடு நல்லா தெரியணும்னா பௌர்ணமிய விட அரை நிலாதான் பெஸ்ட், ஓரத்துல நெழல் விழும்.

கிட்டத்தட்ட 900 கிராம், ஒரு கையில லீஷ் புடிச்சிட்டு தூக்குனா கை ஆடும். லீஷ இடுப்புல கட்டிக்கிட்டு கேமராவ கடலோர தடுப்பு மேல வச்சி எடுங்க, ஆனா பக்கத்துல பூனை வந்துச்சுன்னா ஃபோட்டோவ மறந்துடுங்க. ரா ஃபைல் (சுருக்காத மூல ஃபைல்) கெடையாது, எனக்கு ஜேபெக்கே போதும்.